பாட்டுதான் அங்கே பாடப்புத்தகம்: ஆஸ்திரேலியப் பழங்குடி ஊர்களில் இசைக்கு ஏன் கைகொடுக்கணும்?

2018 ஏப்ரலில் ஆஸ்திரேலிய ஆல்பம் விற்பனைப் பட்டியலில் ஒரு சாதனை. பழங்குடி மொழியில் பாடப்பட்ட ஓர் ஆல்பம் முதல் முறையாக நம்பர் ஒன் இடத்தைப் பிடித்தது. பெயர் 'ஜரிமிர்ரி'. பாடியவர் குருமுல் யுனுபிங்கு. வடகோடியில் இருக்கும் எல்கோ தீவில் பிறந்தவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். ஆனால் இந்த வெற்றியைக் கொண்டாட அவர் இல்லை. 2017-லேயே, 46 வயதில் நோயால் இறந்துவிட்டார்.

அவருக்கு அடுத்து யார்? அந்த ஊர்களில் இந்தக் கேள்வி வெறும் சினிமா, சார்ட் சமாச்சாரம் இல்லை. ஏன்னு பார்ப்போம்.

பாட்டில் அப்படி என்ன இருக்கு?

குருமுல், ஆர்னம்லாந்து பகுதியின் யோல்ங்கு மக்களில் ஒருவர். இவர்களின் பாரம்பரியப் பாட்டுக்கு 'மனிகாய்' என்று பெயர். எந்த நிலம் எந்தக் குலத்துக்குச் சொந்தம், எந்தக் காற்று எப்போது வீசும், யாருக்கு யார் என்ன உறவு என எல்லாமே இதற்குள் இருக்கு. எழுத்தில் இல்லாத அறிவு, பாட்டாகவே தலைமுறை தாண்டி வருது. பாட்டு தெரிந்த பெரியவர் யாருக்கும் கற்றுக்கொடுக்காமல் இறந்தால், அவரோடு சேர்ந்து அந்த அறிவும் போய்விடும்.

பள்ளிக்கூடம் இதில் எங்கே வருது?

'யோத்து யிந்தி' இசைக்குழுவின் பாடகர் எம். யுனுபிங்கு, ஓர் ஆசிரியர். 1990-ல் யிர்கலா பள்ளியின் தலைமையாசிரியர் ஆனார். நன்னீரும் கடல்நீரும் கலக்கும் இடத்தை யோல்ங்கு மக்கள் 'கன்மா' என்கிறார்கள். அதுபோல ஆங்கிலக் கல்வியும் யோல்ங்கு அறிவும் சமமாகச் சேரணும் என்பதுதான் அவரும் சக ஆசிரியர்களும் முன்வைத்த பாடத்திட்டம்.

ஆனால் 2008-ல் வடக்குப் பிரதேச அரசு, பள்ளியில் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலத்தில்தான் கற்பிக்க வேண்டும் என்று அறிவித்தது. பின்னாளில் அது கைவிடப்பட்டாலும், தாய்மொழிக் கல்வி அரசின் ஒரே உத்தரவில் ஆட்டம் காணும் என்பது தெரிந்துபோச்சு.

இசைக்கலைஞர்களுக்கு என்ன சிக்கல்?

முதல் சிக்கல் தூரம். பாலைவன ஊரான பப்புன்யாவிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கே 200 கிலோமீட்டருக்கு மேல். வடக்கே மழைக்காலத்தில் பல மண்சாலைகள் மூடப்படும். கிட்டார் கம்பி அறுந்தால்கூட வாங்க பக்கத்தில் கடை கிடையாது. ஸ்டூடியோ, மேனேஜர், கச்சேரி வாய்ப்பு எல்லாம் நகரத்தில்.

எந்த உதவி வேலை செய்யுது?

இசைக்கான ஆதரவு அவர்கள் இருக்கும் இடத்துக்கே போகும்போது பலன் கிடைக்குது. 1980-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பழங்குடி மக்களே நடத்தும் 'காமா' ஊடக நிறுவனம் தொடங்கியது. தங்கள் மொழிப் பாடல்களைப் பதிவு செய்து வானொலியில் ஒலிக்கவிட்டது. அதே ஆண்டு பப்புன்யாவில் உருவான 'வாரும்பி பேண்ட்', 1983-ல் லுரிட்ஜா மொழியில் ராக் பாட்டு வெளியிட்டது. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியில் வந்த முதல் ராக் சிங்கிள் அதுதான்.

இப்போது ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் நடக்கும் 'புஷ் பேண்ட்ஸ் பாஷ்' இசை விழாவில் தொலைதூர ஊர்க் குழுக்கள் மேடை ஏறுகின்றன. விழாவுக்கு முன்பே முகாம் வைத்து, அனுபவமுள்ள கலைஞர்கள் பயிற்சி தருகிறார்கள்.

யார் யாருக்குக் கற்றுக்கொடுப்பது?

இங்கேதான் வெளியிலிருந்து வருபவர்கள் தடுமாறுவாங்க. மனிகாய் பாட்டை யார் வேணும்னாலும் பாட முடியாது. அது குலத்துக்குச் சொந்தம், அனுமதி வேணும். கிட்டாரும் மைக்கும் வெளியிலிருந்து வரலாம். பாட்டை எப்போது, யாருக்குக் கற்றுத்தரணும் என்று சொல்ல வேண்டியவர்கள் ஊர்ப் பெரியவர்கள்தான். அவர்களை விருந்தினராக ஒருநாள் மேடையில் உட்கார வைத்தால் போதாது. ஆசிரியர்களாக மதித்து, ஆசிரியருக்கான சம்பளமும் தரணும்.

பலன் தெரியுதா?

யிர்கலாவிலிருந்து வந்த 'கிங் ஸ்டிங்ரே' குழுவில் யோத்து யிந்தி குடும்பத்து அடுத்த தலைமுறை இருக்கு. 2022-ல் முதல் ஆல்பம் வந்தது. எலெக்ட்ரிக் கிட்டாரோடு டிஜெரிடூவும், ஆங்கிலத்தோடு யோல்ங்கு மொழியும் அதில் சேர்ந்தே ஒலிக்குது.