வெள்ளாட்டு வாழ்வு – 17: வயிற்றில் ஓர் அடுப்பு

போன வாரம் பல்லில் நிறுத்தியிருந்தேன். ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், எட்டுப் பல் என்று வயசு பார்க்கும் கணக்கு உங்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் கிழட்டு ஆட்டுக்கான பனிக்காலக் கொட்டகை என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஒரு வயிற்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

கொடைக்கானல் மேல்மலையில் ஒரு மார்கழி விடியல். பூண்டுப் பாத்திகளின் மேல் சுண்ணாம்பு தூவியதுபோல் உறைபனி. ஒரு வீட்டுத் திண்ணையோரம் கிழட்டுக் கறுப்பு வெள்ளாடு ஒன்று முதுகைக் கூனி, நாலு காலையும் ஒன்றாகக் குவித்து நின்றது. மயிர் சிலிர்த்திருந்தது. முதுகில் ஒரு சாக்கைப் போர்த்திக் கட்டியிருந்தார்கள்.

“இதுக்கு என்ன வயசு பாட்டி?”

“பல்லு போனதுக்கு வயசு என்னத்த கேக்குற தம்பி? பத்து ஈத்து பாத்துட்டா.”

“சாக்கு போட்டும் நடுங்குதே?”

“சாக்கு என்ன செய்யும்? உள்ள சூடு இருந்தாத்தான அது புடிச்சு வைக்கும்? நேத்து ராத்திரி வயித்த நெறப்பாம விட்டுட்டேன்.”

ஒரு வாரமாக இந்தப் பதிலையே சுற்றிக்கொண்டிருக்கிறேன். பாட்டி சொன்னது முழு உண்மை.

ஆட்டின் நாலு அறை வயிற்றில் முதல் அறை பெருவயிறு. இடப்பக்கம் முழுவதையும் அதுவே அடைத்துக்கொண்டிருக்கும். அதன் சாற்றில் ஒரு மில்லி எடுத்தால், அதில் ஆயிரம் கோடி அளவுக்கு பாக்டீரியாக்கள். ஆட்டின் உடம்பால் தானாகச் செரிக்க முடியாத நாரை இவைதான் காற்றில்லாத அந்த இருட்டில் நொதிக்க வைத்து அமிலங்களாக உடைக்கின்றன. அவற்றில் முக்கியமானது அசிட்டிக் அமிலம், வினிகரில் புளிக்கிற அதே பொருள். ஆடு அந்த அமிலங்களை உறிஞ்சித்தான் பிழைக்கிறது. இந்த வேலையில் சூடு பிறக்கிறது. மார்கழிக் காலையில் எருக்குழியைக் கிளறினால் ஆவி எழும்புமே, அதுவும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் சூடுதான். ஆடு அப்படியொரு கதகதப்பை வயிற்றுக்குள் சுமந்து திரிகிறது. அதன் உடல் சூடு 101.5 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட். பெருவயிற்றுக்குள் அதைவிடச் சற்றுக் கூடுதல்.

அங்கே பாக்டீரியா மட்டும் இல்லை. 1843-இல் பாரிஸில் டேவிட் குரூபி என்ற மருத்துவரும், அல்ஃபோர் கால்நடை மருத்துவப் பள்ளிப் பேராசிரியர் டெலாஃபோனும் அசைபோடும் விலங்குகளின் வயிற்றுச் சாற்றை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரிய ஓரணு உயிர்கள் அதில் நீந்திக்கொண்டிருந்தன. எனக்கு இது பெரிய ஆறுதல். தனியாகக் கட்டிக் கிடக்கிற கிழட்டு ஆடுகூடத் தனியாக இல்லை. நாம் ஆட்டுக்குத் தழை போடும்போது உண்மையில் அந்தக் கூட்டத்துக்குத்தான் பந்தி வைக்கிறோம்.

அந்த அடுப்புக்கு நல்ல விறகு நார்தான். தானியத்தைவிட நார்த்தீவனம் செரிக்கும்போதுதான் சூடு அதிகம். இரக்கத்தில் பலர் இங்கேதான் தவறுகிறார்கள். என் சின்ன வயதில் ஒரு மாட்டுப் பொங்கலன்று, பல் தேய்ந்த எங்கள் வீட்டு ஆட்டுக்குப் பாவம் என்று ஒரு சட்டி பொங்கலையும் நானே ஊட்டினேன். சாயங்காலம் அது அசைபோடுவதை நிறுத்தியது. மறுநாள் செத்துப்போனது. மாவுப்பொருள் திடீரென்று குவிந்தால் பெருவயிறு அளவு மீறிப் புளித்துப்போகும். நாரை உடைக்கும் கூட்டம் மடிந்துபோகும். அடுப்பையே நான் அணைத்துவிட்டேன் என்பது பல வருடம் கழித்துத்தான் புரிந்தது.

பனி குட்டியையும் கிழத்தையும் ஒன்றுபோல் வாட்டுவதற்கும் காரணம் இந்த அடுப்புதான். பிறந்த குட்டியின் பெருவயிறு இன்னும் வேலை தொடங்கவில்லை. அடுப்பு பற்றவே இல்லை. கிழத்துக்கு அடுப்பு இருக்கிறது, விறகு உள்ளே போகவில்லை. வெள்ளாட்டுக்குக் கொழுப்பு பெரும்பாலும் குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றித்தான் சேரும். தோலுக்கடியில் மெல்லிசாகவே இருக்கும். அதனால் உள்ளே சூடு குறைந்தால் வெளியே தடுக்க ஒன்றுமில்லை.

நாம் வயசு பார்ப்பது முன்பல்லை வைத்து. ஆனால் விறகு பிளப்பது கடைவாய்ப் பல். அதை யாரும் வாய் திறந்து பார்ப்பதில்லை. அசைபோடும்போது பாதி மென்ற தழை வாயிலிருந்து உருண்டு விழுந்தாலோ, புழுக்கையை உடைத்தால் நீள நீளமாக நார் தெரிந்தாலோ கடைவாய் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அந்த ஆட்டுக்குக் கோடாலி வேலையை நாம்தான் செய்து தர வேண்டும். கடலைக்கொடியைப் பொடியாக நறுக்கி, துவரைப் பொட்டோடு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம். புதிய தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். பெரும்பங்கை அந்தியில் வையுங்கள். தின்று சில மணி நேரம் கழித்துத்தான் சூடு ஏறும் என்பதால், பனி இறங்கும் நேரத்துக்கு அது சரியாக வரும். இளம் ஆடுகள் முட்டித் தள்ளாதபடி கிழத்துக்குத் தனியாக வைக்க வேண்டும். காலையில் பச்சைத் தண்ணீர் வேண்டாம். குளிர்ந்த தண்ணீர் பெருவயிற்றின் சூட்டை இறக்கிவிடும், பழைய நிலைக்கு வர ஒரு மணி நேரத்துக்கும் மேலாகலாம். அடுப்பில் தண்ணீர் ஊற்றுவதுதான் அது. காது சில்லென்று இருந்தால் வெப்பமானி வையுங்கள். 100 டிகிரிக்குக் கீழே என்றால் தாமதிக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அடுப்பு எரிகிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. இடுப்பெலும்புக்கு முன்னால், இடப்பக்கப் பள்ளத்தில் கையை முட்டியாக மடக்கி அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருங்கள். நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு முறை வயிறு புரண்டு கையைத் தள்ளும். அன்று பாட்டி வெந்நீரில் ஊறவைத்த தழையை வாயருகே பிடித்துத் தின்ன வைத்தார். வெயில் ஏறியபின் என் கையையும் பிடித்து அந்தப் பள்ளத்தில் வைத்தார். வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெதுவாக ஒரு தள்ளு.

“எரியுதுல்ல?” என்றார்.

கொட்டகை, தரைப் பரண், காற்றுத் தடுப்பு, போர்த்தும் சாக்கு எல்லாம் அடுத்த வாரம். இனி சாக்குக்கும் வேலை இருக்கிறது.

(தொடரும்)