குடிப்பவர் மனத்தில் என்ன இருக்கிறது?

"குடித்தே செத்தான்" என்று ஊரார் ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள். கணவரை அப்படி இழந்த ஒரு பெண்மணி அதோடு விட்டுவிடவில்லை.

அவர் பெயர் சாந்தி ரங்கநாதன். மத்திய நிதி மந்திரியாக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதன்தான் அவருடைய கணவர். செல்வத்துக்குக் குறைவில்லை. நல்ல டாக்டர்களுக்கும் குறைவில்லை. ஆனாலும் 1979-ல் மது அவர் உயிரைக் குடித்தது. அப்போது அவருக்கு வயது 33!

மறு ஆண்டே, 1980-ல், கணவர் பெயரால் சென்னையில் ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார் சாந்தி. அடையாறு இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. ஆஸ்பத்திரி அப்படி வளர்ந்ததுதான். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பாட்டில் போனால் போதுமா?

குடியை விடுவதில் முதல் வேலை உடம்பைச் சேர்ந்தது. நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும். தூக்கம் வராது. சிலருக்கு வலிப்பு வரும். இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். உயிருக்கே ஆபத்து உண்டு. ஆகவே டாக்டர் பார்வையில்தான் நிறுத்தவேண்டும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் இது அடங்கிவிடும்.

அடுத்த வேலைதான் பெரியது. பாட்டில் போய்விட்டது, அதைத் தேடிப்போன மனம் போகவில்லையே! கடன்காரன் வாசலில் நிற்கிறான். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம் ஆறவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். ஒரு கிளாஸ் உள்ளே போனால் பேச்சு வருகிறது. பிறகு, குடித்ததால் வந்த அவமானத்தை மறக்க மறுபடியும் குடி! செக்கு மாடு மாதிரி அங்கேயே சுற்றவேண்டியதுதான். (விளையாட்டாகத் தொடங்கி மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. எல்லாவற்றையும் துக்கத்தின் தலையில் போட்டுவிட முடியாது.)

அதனால் அங்கே மருந்தோடு பேச்சும் ஒரு சிகிச்சை. தனியே உட்காரவைத்து மனம்விட்டுப் பேசச் சொல்கிறார்கள். அதே துன்பம் பட்டவர்களோடு சேர்ந்தும் பேசவைக்கிறார்கள். "எனக்கு மட்டும்தான் இந்தக் கதி" என்ற எண்ணம் அங்கே உடைகிறது. கோபம் வந்தால் என்ன செய்வது? சம்பளம் வாங்கிய அன்று எந்த வழியாக வீட்டுக்குப் போவது? இவையெல்லாம் முன்கூட்டியே யோசித்துவைக்கவேண்டிய விஷயங்கள்.

மனைவிக்கும் சிகிச்சையா?

ஆம்! குடும்பத்தாருக்கும் அங்கே தனிப் பயிற்சி உண்டு. கணவர் போதையில் கிடப்பார். மனைவி முதலாளியிடம் "காய்ச்சல்" என்று சொல்லி அனுப்புவாள். நகையை அடகு வைத்துக் கடனை அடைப்பாள். பாசம்தான். ஆனால் குடியின் பாரம் அவர் தலையில் இறங்குவதே இல்லை! அந்தப் பெண்ணின் பயத்தையும் தூங்காத இரவுகளையும் யாராவது கேட்கவேண்டாமா?

சென்னைக்கு வரமுடியாதவர்கள் என்ன செய்வார்கள்? 1989-ல் இந்த நிலையத்தார் மஞ்சக்குடி கிராமத்துக்கே போனார்கள். ஊராரின் உதவியோடு 15 நாள் முகாம் நடத்தினார்கள்.

வீட்டிலுள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்துவிடுங்கள்" என்று சொல்லி விற்கும் மருந்துகளை வாங்காதீர்கள். குடியை விடுவதற்கு டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை உண்டு. அதைத் தின்றவர் குடித்தால் வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், உயிரே போகலாம். டாக்டர் சொல்லி, குடிப்பவரும் சம்மதித்துத்தான் அதைக் கொடுக்கவேண்டும்.

யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் 14446 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் அது. கட்டணம் கிடையாது.