நித்திய ஜீவனும் நிலைவாழ்வும்: கிறித்தவ எதிர்நோக்குக் கோட்பாடு – ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

இறப்பை எதிர்கொள்ளும் மனிதருக்குக் கிறித்தவம் தரும் எதிர்நோக்கு, முடிவில்லாக் காலத்தைப் பற்றியது மட்டுமன்று; இறைவனோடு கொள்ளும் முறியாத உறவைப் பற்றியது. இக்கருத்தைப் புதிய ஏற்பாட்டுச் சொற்களின் வழியும் அவற்றின் தமிழ்ப் பெயர்ப்புகளின் வழியும் இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னுரை

யாக்கை நிலையாமையைத் தமிழிலக்கியம் விரிவாகப் பேசுகிறது. நிலையாமையை உணர்ந்தோர் காலந்தாழ்த்தாது அறம் செய்தல் வேண்டும் என்பது நாலடியார் காட்டும் வழி. கிறித்தவ மறையும் உடலின் நிலையாமையை மறுப்பதில்லை. ஆயின் வாழ்வின் முடிவு இறப்பு அன்று என்கிறது. அவ்வுறுதி எதன்மேல் நிற்கிறது என்பது ஆராயத்தக்கது.

இரு பெயர்ப்புகள்

புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் இக்கருத்து 'சோயே அயோனியோஸ்' எனப்படுகிறது. 'சோயே' என்பது வாழ்வு. 'அயோனியோஸ்' என்பது ஊழியைக் குறிக்கும் 'அயோன்' என்னும் சொல்லடியாகப் பிறந்தது. இக்காலம், வரவிருக்கும் காலம் என இரண்டாகப் பகுத்த யூத மரபின் பின்னணியில், இத்தொடர் வரவிருக்கும் ஊழிக்குரிய வாழ்வு எனவும் பொருள்படும்.

சீர்திருத்தத் திருச்சபையினரிடையே பெருவழக்கிலுள்ள பழைய மொழிபெயர்ப்பு இதனை 'நித்திய ஜீவன்' என்றது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'நிலைவாழ்வு' என்றது. சீவன் என்பது தமிழ்ச் சமய மரபில் உயிரையும் குறிப்பதால், முன்னைய தொடரை 'அழியாத உயிர்' எனக் கொள்ளும் வாய்ப்புண்டு. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15-ஆம் அதிகாரமோ உயிரின் இயல்பான அழியாமையை முன்னிறுத்தவில்லை. இறைவன் அருளும் உயிர்த்தெழுதலையே வற்புறுத்துகிறது. கிறித்துவின் உயிர்த்தெழுதல் அங்கு அறுவடையின் முதற்பலனாக உருவகிக்கப்படுகிறது. முதற்கதிர் விளைந்தமை எஞ்சிய விளைச்சலுக்கு உறுதி என்பது அதன் பொருள்.

'நிலைவாழ்வு' என்பதை வினைத்தொகையாகக் கொள்ளவும் இடமுண்டு. நிலைத்த, நிலைக்கின்ற, நிலைக்கும் வாழ்வு என முக்காலத்திற்கும் அது விரியும். இது யோவான் நற்செய்தியின் கருத்தோடு பொருந்துகிறது. நம்புவோர் சாவைக் கடந்து வாழ்வுக்கு ஏற்கெனவே வந்துவிட்டனர் என்கிறது 5-ஆம் அதிகாரம். இறுதி நாளில் எழுப்பப்படுவர் என்கிறது 6-ஆம் அதிகாரம். 17-ஆம் அதிகாரம், இறைவனையும் அவர் அனுப்பிய கிறித்துவையும் அறிதலே அவ்வாழ்வு என வரையறுக்கிறது. எனவே அது இறப்பிற்குப்பின் மட்டும் தொடங்குவதன்று.

நம்பிக்கையும் எதிர்நோக்கும்

ஒப்பாய்வு செய்வோர் கருத வேண்டிய சொன்மாற்றம் ஒன்று உண்டு. கிரேக்கத்தின் 'பிஸ்திஸ்', 'எல்பிஸ்' என்னும் சொற்களைப் பழைய மொழிபெயர்ப்பு முறையே 'விசுவாசம்', 'நம்பிக்கை' எனப் பெயர்த்தது. திருவிவிலியம் அவற்றை 'நம்பிக்கை', 'எதிர்நோக்கு' என்றது. 'நம்பிக்கை' என்னும் ஒரே சொல் இரு பெயர்ப்புகளிலும் இருவேறு பொருளில் நிற்பதால், எப்பெயர்ப்பு என்பதைச் சுட்டாமல் மேற்கோள் காட்டின் பொருள் திரியும். எதிர்நோக்கு வெறும் விருப்பமன்று. நம்பத்தக்கவரின் வாக்கை முன்னிட்டுக் காத்திருத்தலாகும்.

துயரும் எதிர்நோக்கும்

மக்கதோனியாவின் தெசலோனிக்கா நகரத்தார், ஆண்டவரின் வருகைக்கு முன்னரே இறந்தோரின் நிலை யாதாகும் எனக் கலங்கினர். ஏறத்தாழ கி.பி. 50-இல் அவர்களுக்கு எழுதிய முதல் கடிதத்தின் 4-ஆம் அதிகாரத்தில், இறந்தோரைத் துயில்கொண்டோர் எனப் பவுல் சுட்டுகிறார். அழவே கூடாது என்பது அவர் கருத்தன்று. எதிர்நோக்கு இல்லாதோர்போல் அழுதலையே விலக்குகிறார். இலாசரை எழுப்பவிருந்த இயேசுவும் அவருடைய கல்லறைக்குச் செல்கையில் கண்ணீர் விட்டதாக யோவான் நற்செய்தி கூறுகிறது. எதிர்நோக்கு துயரை அழிப்பதில்லை. துயர் மனிதரை அழித்துவிடாமல் காக்கிறது. நவம்பர் 2-ஆம் நாள் தமிழ்க் கத்தோலிக்கர் கல்லறைகளில் மலர் சூட்டி மெழுகுதிரி ஏற்றுவதிலும் இவ்விரண்டும் ஒருங்கே வெளிப்படுகின்றன.

முடிவுரை

மறுவாழ்வு பற்றிய எதிர்நோக்கு இம்மைக் கடமையிலிருந்து மனிதரை விலக்கும் என்னும் திறனாய்வு உண்டு. உயிர்த்தெழுதலை விரித்துரைக்கும் மேற்சுட்டிய 15-ஆம் அதிகாரமோ, ஆண்டவருக்காகச் செய்யும் உழைப்பு வீண்போகாது என்னும் அறிவுரையோடு முடிகிறது. இறப்பு அனைத்தையும் வெறுமையாக்குவதில்லை எனின், இன்று செய்யும் அன்புச்செயலும் பொருளுடையதாகிறது. நிலையாமை கண்டு அறத்திற்கு விரைக என்கிறது நாலடியார். நிலைவாழ்வு கண்டு அன்பில் உறுதியாக நிற்க என்கிறது கிறித்தவ மறை. வழிகள் வேறாயினும், இரண்டும் இம்மை வாழ்வைப் பொறுப்புடன் வாழுமாறு பணிக்கின்றன என்பது இதனால் பெறப்படுகிறது.