உடல் உரைக்கும் அளவு

நோயுற்றபின் மருத்துவரை நாடுவோர் பலர். நோய் வருமுன் தம் உடல் கூறுவதைக் கேட்போர் சிலரே. திருவள்ளுவர் 'மருந்து' என வகுத்த அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஆறு உணவைப் பற்றியனவே. எனினும், இன்ன பண்டத்தை உண்க என்று அவர் எதனையும் பெயர் சுட்டிக் கூறவில்லை. முன் உண்டது செரித்ததா, பசி மிக்கதா, அளவு யாது, உடலுக்கு ஒவ்வுவதா என்பனவே அவர் நம்மை எண்ணச் செய்பவை. இவற்றுக்குரிய விடை உண்பவன் உடலிலேயே உளது.

இற்றை அறிவியலும் இதனை விளக்குகின்றது. வெறும் வயிற்றிற் சுரக்கும் கிரெலின் குருதியிற் கலந்து மூளைக்குப் பசியை அறிவிக்கும். இது 1999 ஆம் ஆண்டு யப்பானில் கண்டறியப்பட்டது. 1994 இல் அறியப்பட்ட லெப்டின், உடற்கொழுப்பின் இருப்பை உணர்த்தும். இரைப்பை விரியும்போதும் உணவு குடலை அடையும்போதும் 'போதும்' என்ற செய்தி மூளைக்குச் செல்லும். அதற்குச் சிறிது நேரம் வேண்டும். விரைந்து உண்பவன் செய்தி எட்டுமுன்னரே அளவைக் கடந்துவிடுகிறான்.

பசி வேறு, நாவின் ஆசை வேறு. பசி மெல்ல வளரும், பழஞ்சோறாயினும் ஏற்கும். ஆசை திடீரென எழும். வடையென்றால் வடையே வேண்டும் என்னும். சோர்வையும் கவலையையும் பசியென மயங்குவதும் உண்டு.

விளையாட்டுத் திடலில் ஓடிய இளமையுடல் கேட்ட சோற்றை, மேசைமுன் அமர்ந்து தொழில் புரியும் ஐம்பது வயதுடலுக்கும் நாம் இடுகிறோம். 'இன்னும் கொஞ்சம்' என வற்புறுத்துவதே விருந்தோம்பல் எனக் கருதுகிறோம். பிள்ளைகளைக் கோப்பையில் மிச்சம் வையாதே எனக் கண்டிக்கிறோம். முதலிற் சிறிதளவு இட்டு, கேட்டபின் மீண்டும் இடுவோமாயின் உணவும் வீணாகாது. பிள்ளையின் உணர்வும் மழுங்காது. அவ்வாறே, காலையில் வெறும் தேநீரோடு வகுப்புக்கு வரும் மாணவன் பசியின் குரலை அடக்குகிறான். பாடம் அவன் செவியில் ஏறுவதில்லை.

ஆயினும் உடலின் குறிப்பு எல்லார்க்கும் எப்போதும் போதிய வழிகாட்டியன்று. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் பசி வரட்டுமெனக் காத்திருப்பின் இடர் நேரலாம். முதியோர்க்குத் தாகவுணர்ச்சி குன்றும். காய்ச்சலிற் பசி மறையும். இவர்கள் மருத்துவர் சொற்படி ஒழுகுதலே தக்கது.

ஏனையோர் உண்ணுமுன் ஒருகணமும், உண்ணும்போது இடையில் ஒருகணமும் தம் உடலை வினவுவாராக. பொருட்செலவற்ற இப்பழக்கத்தை இளமையிலேயே கைக்கொள்ளும் மாணவர் முதுமையில் அதன் பயனை நுகர்வர்.