பட்டசாலி: ஒரு சொல்லும் அதன் பொருளெல்லையும்

காஞ்சிமாநகரின் பட்டு நெசவு சோழர் காலத்திலேயே தழைத்தது என்பார், உத்தம சோழனது 16ஆம் ஆட்சியாண்டுச் செப்பேட்டைச் சான்றாகக் காட்டுவர். சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள அவ்வேடுகள் ஊரகத் திருமால் கோயிலின் நிவந்தங்களைக் கூறி, அவற்றைப் பேணும் பொறுப்பைக் கச்சிப்பேட்டுப் பட்டசாலியரிடம் ஒப்படைக்கின்றன. நெசவாளர் கோயிற்பொருளைக் காக்கும் நிலையில் இருந்தமை இதனால் தெளிவாம். அவர் நெய்தது பட்டுத்தானா என்பதே வினா.

பழஞ்சாசனங்களிற் புள்ளி பெரும்பாலும் இடப்பெறுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் எழுத்திற் புலப்படா. ஆகவே பதிப்பிப்போர், கண்ட வடிவையும் தாம் கொண்ட பாடத்தையும் பிரித்துக் காட்டுதல் வேண்டும். இச்சொல்லிலோ இடர் பாடத்தினும் பொருளிலேயே மிகுதி. 'பட்ட' என்னும் வடசொல் பட்டினையும் குறிக்கும்; பொதுவாக ஆடையையும் குறிக்கும். நம் செவிக்குப் பட்டே முந்துவது இன்றைய காஞ்சியின் புகழால் என்க. பதிப்பாசிரியர் 'பட்டு நெசவாளர்' என விரித்தெழுதிவிடின், ஐயம் மறைந்து அவர் கருத்தே சான்றாகிவிடும்.

துணி கிடைத்திருப்பின் வழக்கு எளிதில் தீரும். பட்டிழை புரதம், பருத்தியிழை செல்லுலோசு. எரித்தால் முன்னது மயிர் கருகும் நாற்றமும், பின்னது தாள் எரியும் மணமும் தரும். நுண்ணோக்காடியிற் பருத்தி முறுக்குண்ட நாடாபோல் தோன்றும். செப்பேட்டுச் சொல்லுக்கு இத்தகைய சோதனை இல்லை. ஆதலின் அதனை 'நெசவாளர்' என்றே பெயர்த்து, பட்டு என்னும் பொருளை அடிக்குறிப்பில் வைத்தலே முறை.