துவாரகா பால்கனியில் தேன்சிட்டு

துவாரகாவுக்குக் குடிவந்த நம்மவர் சிலர், "ஊர்ல பார்த்த மஞ்சள் வயிற்றுத் தேன்சிட்டு இங்கேயும் வருதே!" என்று மகிழ்வதுண்டு. அது வேறு, இது வேறு. ஊரில் நாம் பார்த்த ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு டில்லிப் பக்கம் கிடையாது. இங்கே வருவது ஊதாத் தேன்சிட்டு; நம் ஊரிலும் உண்டு. பங்குனி, சித்திரையில் ஆண் கறுப்பாகத் தெரியும். வெயில் பட்டால் ஊதாவும் நீலமுமாக மின்னும். குஞ்சு பொரிக்கும் பருவம் முடிந்ததும் அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு, பெட்டையைப் போல மேலே பழுப்பும் கீழே மஞ்சளுமாக மாறிவிடும். தொண்டையிலிருந்து வயிறு வரை இறங்கும் கருங்கோடுதான் அப்போது ஆணுக்கு அடையாளம்.

இதை வரவழைக்கத் தானியம் போட்டால் புறாதான் வந்து குவியும் (அனுபவம்!). தொட்டியில் ஒரு செம்பருத்தி வையுங்கள், போதும். பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள். தாய் குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் சிலந்தியும் சிறு பூச்சியும்தான்.

கூடு கட்டுவதும் சிலந்தி நூலை வைத்துத்தான். சருகு, நார், மரப்பட்டை எல்லாம் சேர்த்துப் பின்னிய பை. பக்கவாட்டில் சின்ன வாசல், அதன்மேல் ஒரு தாழ்வாரம். பார்த்தால் காற்றில் மாட்டிக்கொண்ட குப்பை மாதிரியே இருக்கும். ஒரு பங்குனியில், துணிக்கொடியில் தொங்கிய அப்படியொரு 'குப்பையை' நானே துடைப்பத்தால் தட்டிவிட்டேன். உள்ளே இரண்டு முட்டைகள் இருந்தன.