எச்சத்தின் அரசியல்: தானியம், சந்தை, நஞ்சு

1

சில மாதங்களுக்கு முன் நண்பர்கள் கூடிய ஒரு சந்திப்பில், பாசுமதி அரிசியை ஐரோப்பா ஏற்க மறுப்பது பற்றிப் பேச்சு வந்தது. 'எல்லாம் ஏகாதிபத்தியத் தந்திரம். நம் விவசாயியை ஒழித்துக்கட்டப் பூச்சிமருந்து எச்சம் என்று ஒரு சாக்கு' என்றார் ஒரு தோழர். உடனே இன்னொருவர், 'அவனாவது நஞ்சு வேணாம்னு சொல்றான், நாம என்னத்தக் கிழிச்சோம்?' என்றார். இரண்டு பேருக்கும் ஆதரவாகத் தலைகள் ஆடின. நான் அன்று வாயைத் திறக்கவில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு மில்லிகிராம் கணக்கில் என்ன வேலை என்ற தயக்கம்தான். பிறகு தேடிப் படித்தபோது, எதிரெதிராகத் தெரிந்த அந்த இரண்டு வாதங்களும் ஒரே இடத்தில்தான் கண்ணை மூடிக்கொள்கின்றன என்று பட்டது. அந்த இடம் எது என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். நெற்பயிரைத் தாக்கும் குலை நோய்க்கு டிரைசைக்ளசோல் என்ற மருந்தை அடிக்கிறார்கள். பேச்சுவழக்கில் இதுவும் பூச்சிமருந்துதான், உண்மையில் பூஞ்சைக்கொல்லி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008இலேயே இதற்கு அனுமதி மறுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் இறக்குமதியாகும் அரிசியில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை இதன் எச்சம் இருக்கலாம் என்று விட்டிருந்தார்கள். 2017இல் வந்த ஒழுங்குவிதி அந்த வரம்பை 0.01 மில்லிகிராமாகக் குறைத்தது. நூறில் ஒரு பங்கு. அந்த ஆண்டின் இறுதியோடு அது நடைமுறைக்கு வந்தது.

0.01 மில்லிகிராம் என்றால் என்ன? ஒரு டன் அரிசியில் 10 மில்லிகிராம். ஒரு பாசுமதி மணியின் எடை ஏறத்தாழ 20 மில்லிகிராம். அதாவது ஒரு டன் அரிசிக்குள் அரை அரிசி எடையளவு மருந்து. அதற்கு மேல் போனால் சரக்கு நிராகரிக்கப்படும்.

ஏன் இந்த எண்? இந்த மருந்து இன்ன நோயைத் தரும் என்று நிரூபித்துவிட்டதனால் அல்ல. ஆபத்தில்லை என்று காட்டுவதற்கான தரவுகள் போதவில்லை என்பதால். தனியாக வரம்பு எதுவும் நிர்ணயிக்கப்படாத மருந்துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் பொதுவாக வைத்திருக்கும் எண் இது. அந்த அளவுக்குக் கீழே உறுதியாக அளப்பது ஆய்வுக்கூடங்களுக்கே சிரமம் என்பதால், நடைமுறையில் இதற்குப் பொருள் 'இருக்கவே கூடாது' என்பதுதான். சந்தேகத்தின் பலன் யாருக்கு என்ற கேள்விக்கு, அங்கே 'வயிற்றுக்கு' என்று பதில் சொல்கிறார்கள். நம் ஊரில் அந்தப் பலன் மருந்துக்குப் போகிறது.

2

இந்த எண் பஞ்சாபின் வயலை எப்படி வந்தடைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பாசுமதிக்குக் குறைந்தபட்ச ஆதார விலை கிடையாது. முழுக்க முழுக்கச் சந்தை விலை. அந்தச் சந்தையோ ஏற்றுமதியை நம்பி நிற்பது. இந்தியா ஆண்டுக்கு 40 இலட்சம் டன்னுக்கு மேல் பாசுமதி அனுப்புகிறது. பெரும்பகுதி சவூதி, ஈரான், ஈராக் போன்ற மேற்காசிய நாடுகளுக்குத்தான் போகிறது. ஐரோப்பாவின் பங்கு சிறியது. ஆனால் விதியை எழுதும் கை அங்கே இருக்கிறது. ஓரிடத்தில் கதவு சாத்தினால் அடுத்த வாசலில் நிற்கும் வியாபாரியும் விலையைக் குறைத்துக் கேட்பான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உமி மட்டும் நீக்கிய, தவிட்டுப் படலம் போகாத பாசுமதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் சுங்கவரி விதிப்பதில்லை. தீட்டிய வெள்ளை அரிசிக்கு வரி உண்டு. எனவே தவிட்டோடு போவதே ஏற்றுமதியாளருக்கு இலாபம். மருந்தின் எச்சமோ பெரும்பாலும் உமியிலும் தவிட்டிலும்தான் தங்குகிறது. எந்த வடிவத்தில் போனால் வரி இல்லையோ அந்த வடிவத்தில்தான் எச்சம் அதிகம்.

அடுத்தது மண்டி. அங்கே ஆர்த்தியா எனப்படும் தரகர் நெல்லை விற்றுக்கொடுக்கிறார், கடனும் கொடுக்கிறார். பல இடங்களில் மருந்துக்கான பணமும் அவரிடம் வாங்கிய கடன்தான். நெல் அவர் மூலம் போய், ஆலையில் பல வயல்களின் நெல்லோடு கலந்துவிடுகிறது. கலந்த பிறகு, மருந்தே அடிக்காதவரின் நெல்லும் மூன்று முறை அடித்தவரின் நெல்லும் ஒன்றுதான். பரிசோதனை நடப்பது கடைசியில், ஏற்றுமதியாளரின் மூட்டையில். தேறாவிட்டால் அந்த நஷ்டம் அடுத்த பருவத்தில் விலைக் குறைவாக எல்லா வயல்களுக்கும் திரும்பி வரும். தேறினால் கிடைக்கும் கூடுதல் விலை அவ்வளவு தூரம் பயணம் செய்வதில்லை. வயலிலிருந்து மூட்டை வரை தடம் பிடிக்கும் ஏற்பாடு இல்லாதவரை, மருந்தைத் தவிர்த்த விவசாயிக்குப் பரிசு கிடையாது. அடித்தவனோடு சேர்ந்து தண்டனை மட்டும் உண்டு.

2018க்குப் பிறகு ஐரோப்பியச் சந்தையில் பாகிஸ்தான் பாசுமதி முந்தியது. அப்போதுதான் அரசுகள் விழித்துக்கொண்டன. 2020 ஆகஸ்டில் பஞ்சாப் அரசு 9 மருந்துகளை விற்கத் தடை போட்டது. 2022இல் 10 மருந்துகள். இரண்டு முறையும் தடைக்காலம் 60 நாள். இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் குலை நோயைத் தாங்கும் பூசா பாசுமதி 1847, 1885, 1886 ஆகிய இரகங்களை 2021இல் வெளியிட்டது. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்தில்லாமல் பயிர் செய்யலாம் என்ற ஞானம் வாங்குகிறவன் முகம் சுளித்த பிறகே அவசரமானது. அந்த 60 நாள் தடையும் பாசுமதியின் பெயரால் வந்ததே தவிர, பஞ்சாபியின் பெயரால் வந்ததில்லை. அறுபத்தோராம் நாள் மருந்து மறுபடி அலமாரிக்கு வரும்.

3

'எச்சம்' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம். இலக்கண வகுப்பில் பெயரெச்சம், வினையெச்சம் என்று படித்திருக்கிறோம். அவை முற்றுப்பெறாத சொற்கள். தம்மை முடித்துவைக்க இன்னொரு சொல்லை எதிர்பார்த்து நிற்பவை. தானியத்தின் மேல் தங்கிய மருந்தும் அப்படித்தான். அது 'குற்றம்' என்று முடிவதா, 'சரக்கு' என்று முடிவதா என்பது மணிக்குள் இல்லை. எந்த வாசலில் வைத்து அளக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

'எச்சில்' என்பதும் இதற்கு உறவுள்ள சொல்தான். யார் தின்று மிச்சம் வைத்ததை யார் தின்ன வேண்டும் என்று சாதி தீர்மானித்த ஊர்களிலிருந்து வருகிற நமக்கு, ஒருவன் வேண்டாம் என்று தள்ளிய தானியம் எந்த வாசலுக்குப் போகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஏற்றுமதிக்கு முந்தைய சோதனையில் தேறாத மூட்டையை யாரும் எரிப்பதில்லை. வரம்பு தளர்ந்த நாட்டுக்கோ உள்ளூர்ச் சந்தைக்கோ அதற்கு வழி திறந்தே இருக்கிறது.

1981இல் டேவிட் வெயரும் மார்க் ஷாபிரோவும் 'நஞ்சின் வட்டம்' என்று பொருள்படும் தலைப்பில் ஓர் ஆங்கில நூல் எழுதினார்கள். பணக்கார நாடுகள் தம் நாட்டில் தடைசெய்த மருந்தை ஏழை நாடுகளுக்கு விற்கின்றன. அது விளைபொருளின் மேல் ஏறி அவர்கள் தட்டுக்கே திரும்பி வருகிறது என்பது அதன் வாதம். மேலை வாசகரை உலுக்குவதற்கு அந்த வட்டம் பயன்பட்டது. இன்று நடந்திருப்பது வேறு. துறைமுகத்து ஆய்வுக்கூடம் அந்த வட்டத்தை வெட்டிவிட்டது. மருந்து போவது நிற்கவில்லை. 2018இல் மட்டும், தம் வயல்களில் தடைசெய்யப்பட்ட 41 மருந்துகளில் 81,000 டன்னுக்கு மேல் வெளிநாடுகளுக்கு அனுப்ப ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அனுமதி தரப்பட்டிருந்ததை 2020இல் வெளியான ஒரு புலனாய்வு அம்பலப்படுத்தியது. போவது போகிறது, திரும்பி வருவதுதான் தடுக்கப்படுகிறது. பாதி வட்டம். அந்தப் பாதி முடிகிற இடத்தில் நாம் இருக்கிறோம்.

உள்ளூர் வாசலில் என்ன அளக்கிறார்கள்? நேரடிக் கொள்முதல் நிலையத்தில் இரவும் பகலும் நெல்லோடு காத்துக் கிடந்தவர்களுக்குத் தெரியும். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டுகிறதா, கருக்காய் எவ்வளவு, தூசி எவ்வளவு, நிறம் மாறிய மணி எவ்வளவு என்று பார்ப்பார்கள். மருந்தின் எச்சத்தை அந்த மேசையில் யாரும் பார்ப்பதில்லை. பாசுமதி அல்லாத பஞ்சாப் நெல் மத்தியத் தொகுப்புக்குப் போய், அரிசியாகி, ரேஷன் கடைகளுக்கு வருகிறது. அதை வாங்குகிறவர் எந்த மூட்டையையும் திருப்பி அனுப்ப முடியாது. வரம்பு எங்கே இறுக்கமாக இருக்கிறதென்றால், வேண்டாம் என்று சொல்லும் சக்தி எங்கே இருக்கிறதோ அங்கேதான்.

இத்தனைக்கும் நம் பூச்சிக்கொல்லிச் சட்டமே தானியத்திலிருந்து பிறந்ததுதான். 1958இல் கேரளத்தில், கப்பலில் கோதுமை மாவோடு ஏற்றிவந்த பாரத்தியான் கசிந்து, அந்த மாவைத் தின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதன் விசாரணையின் தொடர்ச்சியாகவே 1968ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. ஒரே நாளில் விழுந்த பிணங்களைச் சட்டத்தால் பார்க்க முடிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதைப் பார்க்க அதற்குக் கண் இல்லை.

4

இப்போது தோழரின் வாதத்துக்கு வருகிறேன். 1995இல் உலக வர்த்தக அமைப்போடு வந்த உணவு, பயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தம், அறிவியல் காரணம் காட்டினால் ஒரு நாடு தன் வரம்பைக் கடுமையாக்கிக்கொள்ள இடம் தருகிறது. சுங்கவரியைக் குறைத்த நாடுகள் இந்தக் கதவு வழியாகத் தம் விவசாயிகளைக் காப்பாற்றிக்கொள்கின்றன என்பதில் உண்மை இல்லாமலில்லை. டிரைசைக்ளசோல் வரம்பை 0.01இலிருந்து 0.09 ஆகத் தளர்த்தலாம் என்று ஐரோப்பிய ஆணையம் முன்வைத்த யோசனையை, 2024 ஜனவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் எதிர்த்து வாக்களித்தது. அதைக் கொண்டாடியவர்களில் இத்தாலிய நெல் விவசாயிகளும் உண்டு. உடல்நலமும் வியாபாரமும் அங்கே ஒரே மூட்டையில்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

ஆனால் இதைச் சொல்லி வரம்பைத் தளர்த்தச் சொல்வது ஏற்றுமதியாளரின் கோரிக்கை. ஏகாதிபத்திய எதிர்ப்பு என்ற பெயரில் அதை நாம் கடன் வாங்க வேண்டியதில்லை. 'தேசத்தின் விவசாயி' என்று அங்கே பேசப்படுவது தேசத்தின் சரக்கு. மறுபக்கம், ஐரோப்பாவை நஞ்சில்லா உலகின் காவலனாகப் பார்ப்பதும் ஏமாளித்தனம். மருந்தை விற்ற கையும் அரிசியைத் தள்ளிய கையும் ஒன்று. இரண்டு வாதங்களும் தானியத்தையே பார்க்கின்றன. ஒன்று விற்பவன் பக்கமிருந்து, மற்றது தின்பவன் பக்கமிருந்து. தெளித்தவன் எங்கே?

5

காவிரிப் படுகையில் சம்பாவுக்கும் இதே மருந்தைத்தான் அடிக்கிறார்கள். ஏக்கருக்கு 120 கிராம் தூள். அதில் முக்கால் பங்கு, 90 கிராம், மருந்து. ஏக்கருக்கு இரண்டு டன் நெல் என்று வைத்துக்கொண்டால், ஐரோப்பிய வரம்புப்படி அந்த இரண்டு டன்னில் இருக்கக்கூடியது 20 மில்லிகிராம். தெளித்ததில் 4,500இல் ஒரு பங்கு. உலகச் சந்தையின் அத்தனை ஆய்வுக்கூடங்களும் சான்றிதழ்களும் இந்த ஒரு பங்கைத் துரத்துகின்றன. வெயிலும் மழையும் சிதைத்ததுபோக மீதி மண்ணில், வாய்க்காலில், மாடு தின்னும் வைக்கோலில், தெளித்தவன் சட்டையில்.

என் சித்தப்பா முப்பது வருஷமாகக் கூலிக்கு மருந்தடிக்கிறவர். குலை நோய் மருந்து மட்டுமல்ல, மோனோகுரோட்டோபாஸ் முதல் எல்லாமும். இந்தக் கட்டுரைக்காக அவரிடம் பாசுமதி கதையை விலாவாரியாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, 'ஒரு டன்னுக்கு அர அரிசிகூட ஒத்துக்க மாட்டானா?' என்றார். ஆமாம் என்றேன். 'அரிசிக்கு இவ்ளோ பாக்குறாங்க தம்பி. டேங்க் ஒழுவி முதுவெல்லாம் நனையுதே, அத எவனாச்சும் பாத்தானா?' என்றார்.

ஐரோப்பா வரம்பைக் குறைத்த அதே 2017இல்தான், மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் 20 பேருக்கு மேல் செத்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் மருத்துவமனையில் கிடந்தார்கள். அந்தப் பருத்தியை எந்தத் துறைமுகமும் இதற்காகத் திருப்பி அனுப்பவில்லை.

சித்தப்பாவின் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி, தெளிப்பு வேலை செய்கிறவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும். மோனோகுரோட்டோபாஸ் வகை மருந்துகளைத் தயாரிக்கும் ஆலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு மாதம் ஒருமுறை இரத்தத்தில் கோலினெஸ்டெரேஸ் அளவைப் பார்க்க வேண்டும். முப்பது வருஷத்தில் சித்தப்பாவின் கையிலிருந்து பரிசோதனைக்கென்று ஒரு சொட்டு இரத்தம் எடுத்ததில்லை.

எனவே அடுத்த கூட்டத்தில் நான் வாயைத் திறக்கலாமென்று இருக்கிறேன். பாசுமதிக்கு வைத்திருக்கும் கண்டிப்பை ரேஷன் அரிசிக்கும் கேட்போம். கொள்முதல் அரிசியில் மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவை ரேஷன் கடை வாசலில் ஒட்டச் சொல்வோம். மருந்தில்லாத நெல்லுக்குக் கூடுதல் விலையை ஏற்றுமதியாளரின் தயவுக்கு விடாமல் கொள்முதல் விலையிலேயே கேட்போம். 1971ஆம் ஆண்டு விதியை எடுத்துக்கொண்டு, தெளிப்புக் கூலிகளோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வரிசையில் நிற்போம். சித்தப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார். கூலி போகாத நாளாகப் பார்த்து வைக்கச் சொன்னார்.